சும்மா இருந்ததற்கான ஆதாரம்

ஜூன் 2, திங்கள்

எனக்கு டைரி எழுதும் ஆசையெல்லாம் கிடையாது. கோமதிநாயகம் சார் சொன்னதால் எழுதுகிறேன்.

வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு இந்த வருஷத்து உறுதிமொழிப் படிவம் கொடுக்க இன்று வேலைவாய்ப்பு அலுவலகம் போனேன். பிளஸ் டூ முடித்துப் பதிவு செய்து, ஐந்து வருஷம் வேலை கிடைக்காமல் இருந்தால் மாதம் நானூறு ரூபாய். நான் ஏழு வருஷம் இருந்து காட்டியிருக்கிறேன். இளநிலை உதவியாளர் கோமதிநாயகம் சார் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

"பாண்டீஸ்வரி... படிக்கியாம்மா?"

"ஆமா சார். பாலிடெக்னிக்ல எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. பார்ட் டைம். சாயங்காலம் ஆறரைக்கு மேல."

"முழு நேரம் படிச்சா உதவித்தொகை கிடையாது. தபால்ல படிச்சா உண்டு. சாயங்காலம் படிச்சா..." விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "சாயங்காலத்தப் பத்தி இதுல ஒண்ணும் போடலியே."

"அப்ப உண்டா, இல்லையா சார்?"

"பகல்ல சும்மாதான இருக்க?"

"சும்மாதான் இருக்கேன்."

"அதுக்கு ஆதாரம் வச்சுக்கோ. திடீர்னு வீட்டு விசாரணைக்கு ஆள் வரும். அன்னைக்கு முழிக்கப்பிடாது."

வேலை செய்தவனுக்குக் கையில் காய்ப்பாவது இருக்கும். சும்மா இருந்ததற்கு எதைக் காட்டுவது? அதற்குத்தான் இந்த டைரி. உரக்கடையில் கொடுத்த போன வருஷத்து டைரி. கிழமையை அடித்துத் திருத்திக்கொள்கிறேன். ஒன்றும் செய்யவில்லை என்று தினமும் எழுதி வைப்பேன்.

இன்று: காலை நாலரைக்குத் தெருக்குழாயில் பதினாறு குடம் தண்ணீர் பிடித்தேன். அம்மாவோடு சேர்ந்து அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகைக் கவர் நானூறு ஒட்டினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். மற்றபடி வேலை எதுவும் செய்யவில்லை.

ஜூன் 4, புதன்

கல்லூரியில் துறைத் தலைவர் அந்தோணிராஜ் சார் வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார்.

"பார்ட் டைம் டிப்ளமோ, வேலையில இருக்கவங்களுக்கு உள்ளது. வேலை பாக்குற சான்றிதழ் தராத ஒரே ஆளு நீதான். சேரும்போது 'பிறகு தருகிறேன்'னு எழுதிக் குடுத்த. பிறகுன்னா எப்ப?"

"தாறேன் சார்."

"ஜூலை முப்பத்தொண்ணு. அதுக்கு மேல போச்சுன்னா பேர எடுத்துருவேன். பரீட்சை எழுத முடியாது. நான் கெட்டவன் இல்லம்மா, விதி அப்படி."

ஆக, மாலை ஆறு மணி வரை நான் வேலை பார்க்கக் கூடாது என்று ஓர் அலுவலகம். ஆறு மணி வரை கட்டாயம் வேலை பார்க்க வேண்டும் என்று இன்னொரு அலுவலகம். இரண்டு அலுவலகத்துத் தாளின் தலையிலும் ஒரே அரசாங்கக் கோபுர முத்திரை. இவர்கள் ஒருவருக்கொருவர் ஒரு போன் போட்டுப் பேசிக்கொண்டால் கோபுரம் சாய்ந்துவிடுமா?

இந்த டிப்ளமோவை விட முடியாது. முடித்தால் மின் ஒப்பந்த வேலைக்கு லைசென்ஸ் எடுக்கலாம். என் பெயரில் ஒரு போர்டு மாட்டலாம். அதற்குப் பிறகு எவனிடமும் போய், வேலை இருக்கா என்று நிற்க வேண்டாம். பகல் கல்லூரிக்குக் கட்டும் வசதி இருந்திருந்தால் இவர்கள் இரண்டு பேர் முகத்திலும் முழித்திருக்க மாட்டேன்.

கவர் முந்நூறு. வேலை எதுவும் செய்யவில்லை.

ஜூன் 6, வெள்ளி

படிவத்தில் போட்டோ விட்டுப்போயிற்று என்று மறுபடி அலுவலகம். வரிசையில் நாற்பது பேர். பிரிண்டர் ஓடவில்லை. கோமதிநாயகம் சார் அதன் தலையில் தட்டிக்கொண்டிருந்தார், பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல.

"தள்ளுங்க சார்" என்று மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு பல்லி முட்டை, போன மாதம் சிக்கிய காகிதம் ஒன்று. எடுத்துப்போட்டதும் ஓடியது. வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மேலே மின்விசிறி சுற்றவில்லை. அதற்கும் கெபாசிட்டர் மாற்றிக் கொடுத்தேன்.

ஐந்து பேர் இருக்க வேண்டிய அலுவலகம் இது. மூன்று இடம் காலி. ஒருவர் நீண்ட விடுப்பு. மிச்சம் கோமதிநாயகம் சார். இவருக்கு மேலே உள்ள அலுவலர் அம்மாவுக்கு இன்னொரு மாவட்டமும் சேர்த்துப் பொறுப்பு. இங்கே செவ்வாய்க்கிழமை மட்டும் வந்து, பதினொன்றிலிருந்து பதினொன்று இருபது வரை கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

"அறுபதாயிரம் பேர் இங்க வேலைக்குப் பதிஞ்சிருக்கோம். அதுல மூணு பேர எடுத்து இங்கயே உக்கார வச்சா என்ன சார்?"

"ஆள் எடுக்கதுக்கு மேல ஆள் இல்லம்மா" என்றார். சிரிக்காமல் சொன்னார். "உன் ஃபைல நான் பாத்துக்கிடுதேன். திங்கக்கிழமை சும்மா ஒரு எட்டு வா. அந்தப் பிரிண்டர் உன் கைக்குத்தான் கட்டுப்படுது."

ஜூன் 11, புதன்

என்னோடு படிக்கும் தாவீது நூற்பாலையில் எலக்ட்ரீஷியனுக்கு உதவியாள். தெரிந்த லேத் பட்டறையில் சான்றிதழ் வாங்கித் தருவதாகக் கூட்டிப்போனான். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எழுதித் தாறதுல ஒண்ணும் இல்லப்பா. ஆனா பொம்பளப் பிள்ளைய லேத்துல வச்சிருக்கேன்னு எழுதினா எவன் நம்புவான்? டீ வாங்கிட்டு வார வேலைன்னு போட்டுத் தரட்டா?"

"உங்க மிஷினுக்கு எர்த் கனெக்‌ஷன் விட்டுப் போயிருக்கு. தொட்டா அடிக்கும்" என்றேன்.

"முப்பது வருசமா நான் பாக்காத மிஷினா" என்று தொட்டார். அடித்தது.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து எர்த்தைச் சரி செய்து கொடுத்தேன். சான்றிதழ் தரவில்லை. டீ தந்தார். அதையும் தாவீதுதான் போய் வாங்கி வந்தான்.

வேலை எதுவும் செய்யவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அலுவலகம் போனேன். ஃபைல் நகர்ந்ததா என்று பார்க்கத்தான். காலை 9.45 முதல் மாலை 5.45 வரை பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

இப்போது டோக்கன் நான் கொடுக்கிறேன். பதிவு புதுப்பித்தல் நான் செய்கிறேன். கணினியின் பாஸ்வேர்டு சாருக்கு மறந்துவிட்டதால் எனக்கு மட்டும்தான் தெரியும். மதியம் சாப்பாட்டை இரண்டு பேரும் பங்கு வைத்துச் சாப்பிடுகிறோம். அவர் வீட்டுப் புளிக்குழம்பு நன்றாக இருக்கிறது.

இன்று வந்த ஒரு பையன் எம்.எஸ்சி. கணிதம். காவல் நிலையத்தில் துப்புரவுப் பணிக்கு அழைப்பு வந்தால் தன் பெயரை விட்டுவிடாதீர்கள் என்று என்னைக் கும்பிட்டான். என்னை! மாதம் நானூறுக்கு வரிசையில் நிற்கிற என்னை, "மேடம்" என்றான். எனக்கு வந்த கோபத்தில் டோக்கன் சீலை ஓங்கிக் குத்தி அதன் கைப்பிடி கழன்றுவிட்டது. ஃபெவிகால் போட்டு ஒட்டினேன்.

சாயங்காலம் கல்லூரி பஸ்ஸில் தாவீது இடம் பிடித்து வைத்திருந்தான். அவன் எல்லாருக்கும் பிடிப்பான். இன்று ஓர் இடம்தான் கிடைத்ததாம்.

வேலை எதுவும் செய்யவில்லை.

ஜூன் 23, திங்கள்

காய்ச்சல். அலுவலகம் போக முடியவில்லை. சாருக்குப் போன் பண்ணினேன்.

"சொல்லாம கொள்ளாம லீவு போட்டா எப்படிம்மா? திங்கக்கிழமை, கூட்டம் தெருவு வர நிக்கி!"

"மன்னிச்சிருங்க சார்" என்றேன். போனை வைத்த பிறகுதான், எதற்கு மன்னிப்புக் கேட்டோம் என்று தோன்றியது. ஆனாலும் ஒரு விடுப்புக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நாளை கொடுத்துவிடலாம்.

ஜூன் 29, ஞாயிறு

அம்மா ஒரு காரியம் செய்திருக்கிறாள். காலையில் கிளம்பி ராத்திரி திரும்புகிற மகளைப் பற்றித் தெரு முழுக்க, "பாண்டீஸ் கவர்மெண்ட் ஆபீஸ்ல வேலை பாக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதன் விளைவு இன்று மேலக்கரையிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பெயர் வேல்மயில். அவன் அம்மாதான் பேசினாள்.

"வேலை பர்மனெண்டா, டெம்ப்ரவரியா?"

"தினமும் போறா" என்றாள் அம்மா.

"சம்பளம்?"

"அத அவ சொல்ல மாட்டா. ரொம்ப அமுக்கம்."

நான் மாப்பிள்ளையிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். பி.ஏ. முடித்துப் பதினொரு வருஷமாகப் பதிந்து வைத்திருக்கிறானாம். கடைசியாக எப்போது புதுப்பித்தான் என்று கேட்டால் முழிக்கிறான்.

"மூணு வருசத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும். உங்க சீனியாரிட்டி போயிருக்கும். அட்டைய எடுத்துக்கிட்டு ஆபீஸுக்கு வாங்க, பாக்குதேன்" என்றேன்.

அவன் அம்மா அசந்துபோய்விட்டாள். "பேச்சுலயே ஆபீசர் தெரியுது" என்றாள். தங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒரு நாள் வந்து வீட்டைப் பார்த்துப் போவார் என்று சொல்லிக் கிளம்பினார்கள்.

"ஏன் பொய் சொன்ன?" என்று அம்மாவிடம் கத்தினேன்.

"என்னட்டி பொய்? வேலைவாய்ப்பு ஆபீஸுக்குப் போகல நீ? தினமும் போகல? ராத்திரி வரல?"

நான் கவர் ஒட்ட உட்கார்ந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

மின் சாதனக் கடை ஒன்றில் கேட்டேன். சான்றிதழ் கொடுத்தால் பி.எஃப். கட்டச் சொல்வார்கள் என்று மறுத்துவிட்டார். அங்கே எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். எட்டுப் பேரும் கடையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களாம்.

இன்னும் இருபத்தேழு நாள்.

ஜூலை 9, புதன்

நிதானமாக எழுதுகிறேன்.

நான் அலுவலகத்தில் இருந்தபோது பதினொரு மணிக்கு வீட்டுக்கு ஒருவர் வந்திருக்கிறார். நெற்றியில் விபூதி, கையில் பை, ஐம்பது வயது. "பாண்டீஸ்வரி வீடு இதுதான? பொண்ணு என்ன செய்யுது?" என்று கேட்டிருக்கிறார். மேலக்கரைப் பெரியவர்தான் வந்துவிட்டார் என்று அம்மா பாய் விரித்து, கடையிலிருந்து கலர் வாங்கிவந்து கொடுத்திருக்கிறாள்.

வந்தவர் ஆர்.ஐ. வருவாய் ஆய்வாளர். உதவித்தொகை வாங்குகிறவர்கள் உண்மையிலேயே சும்மா இருக்கிறார்களா என்று வீட்டு விசாரணைக்கு வந்தவர்.

அம்மா பேசியதை அவளே பெருமையாக எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

"ஒரு நாள் வீட்டுல இருக்க மாட்டான்னேன். அவ இல்லன்னா அந்த ஆபீஸே ஓடாதுன்னேன். பிரிண்டரு, காத்தாடி, கம்ப்யூட்டரு எல்லாம் அவ கைதான்னேன். அவரு எல்லாத்தயும் எழுதிக்கிட்டாரு. எம்புட்டு அக்கறை!"

"வேற என்னம்மா சொன்ன?"

"கையெழுத்து எப்படி இருக்கும்னு காட்டுனேன். முத்து முத்தா எழுதுவால்லா எம்பிள்ளைன்னு உன் டைரிய எடுத்துக் குடுத்தேன்."

இந்த டைரியை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆர்.ஐ.க்குத் தெரியும். அரை மணி நேரம் உட்கார்ந்து படித்திருக்கிறார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "பார்வையிடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறார். "9.45 முதல் 5.45 வரை" என்பதைக் கோடிட்டிருக்கிறார். ஜூன் 19ஆம் தேதி ஓரத்தில், "இடம் பிடித்தவர் யார்?" என்று ஒரு கேள்வி. அது உதவித்தொகைக்கு எதற்கு?

கிளம்பும்போது அம்மா கேட்டிருக்கிறாள்: "எங்க பொண்ணு பிடிச்சிருக்கா?"

"பொண்ணு நல்ல பொண்ணும்மா. ரிப்போர்ட் பாதகமாத்தான் வரும்" என்றாராம்.

"பாதகம்னா என்னட்டி?" என்கிறாள் அம்மா.

ஜூலை 12, சனி

உதவித்தொகை போய்விடும். அது போனால் பஸ் பாஸுக்குக் கூடுதலாகக் கவர் ஒட்ட வேண்டும். ஒட்டலாம். சான்றிதழ்தான் வேறெங்கும் கிடைக்கவில்லை. தாவீது தன் மில் மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தானாம். அப்படி ஒரு பெண்ணை உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டாராம். என்ன சொன்னாய் என்றேன். பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, கருவேலங்காடு.

ஜூலை 21, திங்கள்

தபால் வந்தது. தபாலைப் பிரித்து, சீல் குத்தி, பதிவேட்டில் எண் போடுவது நான்தான். மூன்றாவது கவர் ஆர்.ஐ. அலுவலகத்திலிருந்து. பிரித்தேன். என் பெயர். சீல் குத்தினேன். வரவு எண் 1147 போட்டேன். சாரிடம் கொடுத்தேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி படித்தார்.

"உதவித்தொகைய ரத்து பண்ணணுமாம். உடனே ஆர்டர் போடணுமாம்."

"போடுங்க சார்."

"போடலாம். வந்து... யாராவது டைப் பண்ணணும்லம்மா." என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். அது நன்றாகச் சுற்றியது.

ஜூலை 22, செவ்வாய்

என் உதவித்தொகையை ரத்து செய்யும் ஆணையை இன்று காலை நானே டைப் செய்தேன். சார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தார். "மேற்படி பயனாளி இவ்வலுவலகத்துக்கு அடிக்கடி வந்து செல்வது தெரியவந்துள்ளதால்..."

அங்கே என் விரல் நின்றுவிட்டது. ஏன் என்று இங்கே எழுத மாட்டேன். இந்த டைரியை இன்னும் யார் யார் பார்வையிடப் போகிறார்களோ.

"இது சரியில்ல சார். அடிக்கடின்னா என்ன? வாரத்துக்கு ஒண்ணா, ரெண்டா? ஆர்.ஐ. தெளிவா எழுதியிருக்காரு, நாம மழுப்பக் கூடாது" என்று அடித்தேன்: "மேற்படி பயனாளி இவ்வலுவலகத்தில் தினமும் காலை 9.45 மணி முதல் மாலை 5.45 மணி வரை, மின்விசிறி, அச்சுப்பொறி உள்ளிட்ட மின் சாதனங்களைப் பழுது நீக்குதல், கணினிப் பதிவு ஆகிய பணிகளைத் தொடர்ந்து செய்து வருவது விசாரணையில் ஐயமின்றி நிரூபணமாகியுள்ளதால்..."

"ஏம்மா, உன் தலையில நீயே மண்ணள்ளிப் போடுத?"

"உண்மைதான சார்?"

"உண்மைதான். ஆனா என் தலையிலயும்லா கொஞ்சம் விழுது."

"'ஐயமின்றி' ரெண்டு தடவ போடலாமா சார்?"

"ஒரு தடவ போதும்மா" என்றார் பலவீனமாக.

பதினொன்று பத்துக்கு அலுவலர் அம்மா கையெழுத்திட்டார். படிக்கவில்லை. வட்ட முத்திரையை நானே அழுத்திக் குத்தினேன். ஒரு பிரதி பயனாளிக்கு. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு, என் மேஜையை, அதாவது காலியிடத்து மேஜையை, துடைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 23, புதன்

அந்தோணிராஜ் சார் கண்ணாடி வழியாகவும் கண்ணாடிக்கு மேலாகவும் படித்தார்.

"இது ரத்து ஆணைல்லா?"

"நடுவுல படிங்க சார்."

படித்தார். பக்கத்து அறை சாரையும் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "'ஐயமின்றி நிரூபணமாகியுள்ளதால்'! இருபது வருசமா சான்றிதழ் வாங்குதேன். ஒரு கம்பெனிக்காரனும் இவ்வளவு உறுதியா எழுதித் தந்தது இல்லயே."

"செல்லுமா சார்?"

"அலுவலகம் இருக்கு, நேரம் இருக்கு, மின்சார வேலைன்னு இருக்கு, முத்திரை இருக்கு." விரல் விட்டு எண்ணினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சம்பளம் எவ்வளவு தந்தாங்க?"

"ஒண்ணும் இல்ல சார். இருந்த நானூறையும் நிறுத்திட்டாங்க."

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"சம்பளம் வாங்கணும்னு எங்க விதியில இல்ல" என்று சொல்லி என் பெயருக்கு நேரே டிக் போட்டார்.

வெளியே தாவீது நின்றிருந்தான். சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் இன்று இரண்டு இடம் பிடித்தான். அவன் எல்லாருக்கும் பிடிப்பதில்லை. ஆர்.ஐ. சாரின் கேள்விக்கு இதுவே பதில்.

ஜூலை 24, வியாழன்

காலை பத்து மணிக்குள் ஆறு தடவை போன் அடித்தது. ஏழாவது தடவை எடுத்தேன்.

"ஏம்மா வரல? பிரிண்டர் திரும்பப் படுத்துட்டு."

"சார், நான் ரத்தாகிட்டேன்."

"உதவித்தொகதானம்மா ரத்து? நேத்து அலுவலர் அம்மாவுக்கு யாரோ படிச்சுக் காட்டிட்டாங்க. என்னத்துக்கு ஒரு பிள்ளைய வேலை வாங்குனீருன்னு எனக்கு மெமோ தரணும்னு போன்ல சத்தம் போட்டாங்க. மெமோ அடிக்க ஆள் இல்ல. நீ வந்து எனக்கு ஒரு மெமோ அடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்."

"மூணு காலியிடத்துல ஒண்ணுக்கு ஆர்டர் போட்டுக் கூப்பிடுங்க சார், வாரேன்."

"அந்த ஆர்டர யாரு டைப் பண்ண?" என்றார். பிறகு, "மேலக்கரையில இருந்து புதுப்பிக்கதுக்கு ஒரு தம்பி வந்திருக்கு. வேல்மயிலாம், உன்னத் தெரியுமாம். அதப் பிடிச்சு உக்கார வச்சிருக்கேன். நல்ல பிள்ள. பிரிண்டரத் தட்டுது. ஆனா டைப்பிங் தெரியல."

பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சார், அந்தத் தம்பிய ஒரு டைரி வாங்கி வச்சுக்கிடச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்.

இன்று: தண்ணீர் பதினாறு குடம். கவர் எழுநூறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுத்தல். லேத் பட்டறை முதலாளி ஆள் அனுப்பியிருந்தார், இன்னொரு மிஷினும் அடிக்கிறதாம். கூலி சொல்லிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். சாயங்காலம் கல்லூரி.

இத்தனை வேலை செய்தேன்.